எல்லாப் பிள்ளைக்கும் எட்டுகிற பாடம்

(காரிமங்கலத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழகினவ இல்லைங்க. பத்தாவது வரைக்கும் படிச்சேன், அப்புறம் கல்யாணம். "மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் ஆன்லைனில் படிக்கிறது பற்றி நீதான் பேசணும்" என்று அக்கா சொன்னாங்க. ஏன் என்னைச் சொன்னாங்கன்னு எங்க குழுவில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். என் மூத்த பொண்ணுக்குப் பிறவியிலிருந்தே பார்வை மிகக் குறைவு. வெளிச்சம் தெரியும். எதிரில் ஆள் நின்றால் நிழல் மாதிரி தெரியும். எழுத்து தெரியாது. கொரோனா வந்தப்போ அவள் அஞ்சாவது. இந்த வருஷம் பத்தாவது.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். கணக்குத் தணிக்கை பார்க்கிறவங்களும் இங்க இருக்காங்க, அதனால பயந்துக்கிட்டேதான் சொல்றேன். 2020-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம் எங்க குழுவில் நான் 9,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். கடன் பதிவேட்டில் காரணம் 'ஆடு வாங்க' என்று எழுதியிருக்கும். நான் ஆடு வாங்கலைங்க. போன் வாங்கினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீங்க. அதுக்கு முந்தின கூட்டத்தில் ஒரு அக்கா தன் பையன் ஆன்லைனில் படிக்கப் போன் வாங்கணும்னு கடன் கேட்டாங்க. உடனே தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். நானும் கேட்கலாம்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள இன்னொருத்தங்க, "உனக்கு அந்தச் செலவு இல்லடி, பாப்பாவுக்குத்தான் கண்ணு தெரியாதே, அவளுக்கு எதுக்குப் போனு" என்று சொன்னாங்க. கெட்ட எண்ணத்தில் சொல்லலை. எனக்கு ஒரு கவலை குறைஞ்சுதுன்னு நினைச்சுத்தான் சொன்னாங்க. நானும் "ஆமாங்கக்கா"ன்னு தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டினது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. அடுத்த கூட்டத்தில் ஆடுன்னு சொல்லிப் பணம் வாங்கினேன். பத்துத் தவணையில் வட்டியோட கட்டி முடிச்சாச்சு, அதில் ஒரு பைசா பாக்கி இல்லை. ஆனா அன்னிக்கு நான் பொய் எழுதினது பணத்துக்காக இல்லை, வெட்கத்துக்காக. என் பிள்ளைக்கும் படிப்புக் கடன் வேணும்னு சொல்ல எனக்கு வெட்கம். இனிமே இந்த வட்டாரத்தில் எந்த அம்மாவும் அப்படி எழுதக் கூடாது. அதுக்காகத்தான் இதை இவ்வளவு பேர் முன்னாடி சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

பள்ளிக்கூடம் திறந்திருந்த காலத்தில் என் பொண்ணு எப்படிப் படிச்சான்னு முதலில் சொல்லணும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை ஒருத்தங்க வருவாங்க, பிரெய்ல் சொல்லிக் கொடுப்பாங்க. மற்ற நேரமெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிதான் அவளுக்குக் கரும்பலகை. டீச்சர் பலகையில் எழுத எழுத, அந்தப் பிள்ளை காதோரமா மெதுவா வாசிக்கும். யாரும் அந்தப் பிள்ளையிடம் அப்படிச் செய்யச் சொல்லலை. ஒண்ணாவதிலிருந்து தானாகவே செய்துக்கிட்டு வந்தது. நாங்களும் அதைப் பெரிசா நினைச்சுப் பார்க்கலை.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினாங்க. ஒண்ணாவது முதல் எட்டாவது வரைக்கும் மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. நடுவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல். பள்ளிக்கூடம் மூடின அன்னிக்கு என் பொண்ணுக்கு வகுப்பு மட்டும் போகலை, பக்கத்தில் இருந்த அந்தத் தோழியும் போயிட்டா. பிரெய்ல் புத்தகம் பள்ளிக்கூட அலமாரியிலேயே தங்கிடுச்சு.

அப்போ அரசாங்கம் சும்மா இருந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கின கல்வித் தொலைக்காட்சி, போன் இல்லாத வீட்டுக்கும் பாடத்தைக் கொண்டு வந்தது. பாடப் புத்தகத்தில் அச்சடிச்சிருக்கிற க்யூஆர் கோடைப் போனில் காட்டினால் தீக்‌ஷா செயலியில் பாடம் திறக்கும். டீச்சருங்களும் வாட்ஸ்அப் குழு ஆரம்பிச்சுத் தினமும் ஏதாவது அனுப்பினாங்க. சிக்னல் கிடைக்காம பிள்ளைகள் மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் போனைத் தூக்கிக்கிட்டு நின்னது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். எல்லாரும் போன் இருக்கா, சிக்னல் இருக்கா, ரீசார்ஜ் இருக்கான்னு கேட்டாங்க. இது மூணும் இருந்தும் பாடம் எட்டாத பிள்ளை ஒண்ணு இருக்கும்னு யாருக்கும் தோணலை. போன் கையில் வர்ற வரைக்கும் எனக்கே தோணலைங்க.

போன் வந்தது. முதல் நாள் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. நோட்டில் கையால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. என் பொண்ணு போனைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தா. அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தா. திருப்பி என்கிட்ட கொடுத்துட்டா.

சரி, நான் வாசிச்சுக் காட்டலாம்னு உட்கார்ந்தேன். அடுப்பில் களி கொதிக்கும், சின்னவன் அழுவான், மாடு கத்தும். வாசிச்சுக் காட்டி, அவளைச் சொல்ல வெச்சு, அதை எழுதி முடிக்க ஒரு பாடத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். ஒரு வாரம் செய்தேன். அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? நானே விடையை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். "வெரி குட்"னு பதில் வந்தது. அடுத்த நாளும் எழுதினேன். ஸ்டார் வந்தது. இப்படியே ரெண்டு மாசம் ஓடிச்சு. அஞ்சாவது பாடத்தில் நான் நல்லாத் தேறிட்டேன்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அவள் கேட்டா: "அம்மா, நீ பாஸாயிடுவ. நான் எப்ப பாஸாவேன்?"

அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலைங்க. பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லவும் முடியலை. அவங்களுக்கு விடை வருது, பிள்ளை படிக்குதுன்னு நினைச்சாங்க. மறைச்சது நான்.

அடுத்த நாள் டீச்சருக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நான் இதை யோசிக்கவே இல்லைம்மா. நாளையிலிருந்து அவளுக்கு வாய்ஸ்ல அனுப்பறேன்" என்றாங்க. அவ்வளவுதாங்க. போட்டோவா வந்துக்கிட்டிருந்த அதே பாடம் குரலா வந்தது. என் பொண்ணும் குரலிலேயே பதில் சொல்லி அனுப்பினா. போன் அதே போன், டீச்சர் அதே டீச்சர், ரீசார்ஜ் அதே ரீசார்ஜ். அனுப்புற விதம் மட்டும்தான் மாறிச்சு.

ஆனா கணக்கு மட்டும் வரலை. யாரோ எடுத்த ஒரு கணக்கு வீடியோ குழுவில் வந்தது, பின்னம் கூட்டறது. அதில் சார் நல்லாத்தான் சொல்றாரு. "இங்க பாருங்க, இதை இங்க கொண்டு வந்தா, இது இதோட சேர்ந்து, இது கிடைக்கும்." என் பொண்ணு மூணு தடவை போட்டுக் கேட்டுட்டு, "அம்மா, எதை எங்க?"ன்னு கேட்டா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யோசிச்சுப் பாருங்க, பாடம் சொல்லும்போது நாம எத்தனை தடவை 'இது', 'அது', 'இங்க'ன்னு விரலால் காட்டறோம். விரல் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பாடம் வெறும் காத்து. "மூணில் ஒண்ணையும் ஆறில் ஒண்ணையும் கூட்டறோம், முதலில் கீழ் எண்ணைச் சமமாக்கறோம்"னு வாயால் சொல்லிட்டா அவளுக்கும் புரியும், கண்ணு தெரியற பிள்ளைக்கும் இன்னும் தெளிவாப் புரியும். அன்னிக்கு நான் புளியங்கொட்டையைக் கொட்டி, ஆறு ஆறா குழி பிரிச்சு, அவள் விரலைப் பிடிச்சு எண்ண வெச்சேன். பின்னம் அரை மணியில் வந்தது.

அதுக்கப்புறம் சிறப்பாசிரியை போனிலேயே எனக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தாங்க. ஆண்ட்ராய்டு போன் வெச்சிருக்கிற எல்லாரும் கவனிங்க. செட்டிங்ஸ்ல 'அணுகல்தன்மை' என்று ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள 'டாக்பேக்'. காசு கிடையாது. அதை ஆன் பண்ணிட்டா, விரல் எங்க படுதோ அங்க என்ன இருக்குன்னு போன் வாய்விட்டுச் சொல்லும். தமிழிலும் சொல்லும். முதல் நாள் எனக்குப் பயம் வந்துடுச்சு. ஒரு தடவை தொட்டா எதுவும் திறக்க மாட்டேங்குது, என்னமோ பேசிக்கிட்டே இருக்கு. போன் கெட்டுப்போச்சு, 9,000 ரூபாய் போச்சுன்னே நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒரு தடவை தொட்டா வாசிக்கும், ரெண்டு தடவை தட்டினாத்தான் திறக்கும், மேலே கீழே நகர்த்த ரெண்டு விரல் வைக்கணும். எனக்கு ஒரு வாரம் ஆச்சு. என் பொண்ணுக்கு ஒரே சாயங்காலம்.

பதிவேட்டில் இருக்கிற அந்த ஆடு இப்படித்தான் எங்க வீட்டில் பேச ஆரம்பிச்சுது.

ஆனா டாக்பேக் இருந்தாலும் எல்லாத்தையும் வாசிக்காது. இது முக்கியம். டைப் பண்ணின எழுத்தை வாசிக்கும். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினா அதுக்கு அது வெறும் படம்தான். பிடிஎஃப்னு அனுப்பறாங்களே, புத்தகத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பினா அதுவும் படம்தான். டைப் பண்ணியிருந்தாலும், கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிற பழைய தமிழ் எழுத்தில் அடிச்சிருந்தா, போன் அதை ஏதோ புரியாத பாஷை மாதிரி வாசிக்கும். யூனிகோடு எழுத்தில் அடிச்சிருந்தாத்தான் தமிழா வாசிக்கும். நம்ம கூட்டமைப்பு அனுப்பற சுற்றறிக்கைக்கும் இது பொருந்தும். நம்மிலேயே மாற்றுத்திறனாளிகள் சிறப்புக் குழு இருக்கு. அவங்களுக்கும் நாம போட்டோவாத்தானே அனுப்பிக்கிட்டிருக்கோம்?

இன்னொரு வீட்டுக் கதையும் சொல்றேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

எங்க தெருவில் ஒரு அக்காவின் பையனுக்குக் காது கேட்காது. வெளியூரில் விடுதியில் தங்கி, அதுக்கான பள்ளிக்கூடத்தில் படிச்சவன். ஊரடங்கில் வீட்டுக்கு வந்தான். விடுதியில் எந்நேரமும் கையாலே பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்த பையன். வீட்டில் சைகை மொழி தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லை. 'சாப்பிடு', 'தூங்கு', 'வா', 'போ', அவ்வளவுதான். அந்த ஒன்றரை வருஷமும் தன் சொந்த வீட்டில் பேச ஆளில்லாம இருந்தான் அந்தப் பிள்ளை.

ஆன்லைன் வகுப்பு அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கலாம்னா, பேசறவங்க மாஸ்க் போட்டிருக்காங்க. மாஸ்க் இல்லைன்னாலும் முகம் போனில் நகம் அளவு தெரியுது. பின்னாடி ஜன்னல் வெளிச்சம் இருந்தா முகமே கறுப்பாயிடுது. என் பொண்ணுக்கு வாய்ஸ் அனுப்பினதும் கதவு திறந்துச்சு. அதே வாய்ஸ் அந்தப் பையனுக்குப் பூட்டு. அவனுக்கு எழுத்தும், சைகையும், தெளிவா முகமும் வேணும். இதைப் புரிஞ்சுக்கணும். மாற்றுத்திறனாளி என்று ஒரே சொல்லில் சொல்லிடறோம். ஆனா ஒரு பிள்ளைக்குத் தேவையானது இன்னொரு பிள்ளைக்கு உதவாது. அதனால எல்லாருக்கும் ஒரே வழின்னு எதுவும் கிடையாது. பிள்ளைகிட்டயும் அம்மாகிட்டயும் "உனக்கு எப்படி அனுப்பினா எட்டும்?"னு கேட்கணும்.

அந்த அக்கா செய்ததைச் சொல்லணும். டில்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் என்று மத்திய அரசோட நிறுவனம் இருக்கு. அவங்க சைகை மொழிக்கு வீடியோவிலேயே அகராதி போட்டிருக்காங்க. 2018-ல் 3,000 சொல்லோடு ஆரம்பிச்சு, 2021 பிப்ரவரியில் 10,000 சொல் ஆச்சு. யூடியூபில் இலவசமாப் பார்க்கலாம். அக்கா தினமும் ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சுட்டு அஞ்சு சொல் கத்துக்குவாங்க. அதில் சிலது அவன் பள்ளிக்கூடத்தில் பழகினதுக்கு வித்தியாசமா இருக்கும். அவனே சிரிச்சுக்கிட்டுத் திருத்துவான். "என் பையன் எனக்கு வாத்தியாராயிட்டான்"னு அக்கா சொல்லுவாங்க. அந்தச் சைகையை வெச்சுத்தான் பாடத்தையும் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் கொடுத்தாங்க. மூணாவது வரைக்கும் படிச்ச அம்மா அவங்க.

போனால் முடியாததும் இருக்குங்க, அதையும் மறைக்காமச் சொல்லணும். மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாத ஒரு பிள்ளை எங்க ஊராட்சியில் இருக்கு. வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கே வந்து பாடமும் பயிற்சியும் சொல்லிக் கொடுப்பாங்க. ஊரடங்கில் அது நின்னு, வீடியோ காலில் "காலை இப்படி நீட்டுங்க, இவ்வளவு மடக்குங்க"ன்னு சொன்னாங்க. எவ்வளவு அழுத்தணும்னு போன் சொல்லுமா? வலிச்சா அந்தப் பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. அந்த அம்மா பயந்துக்கிட்டு விட்டுட்டாங்க, கால் இறுகிப்போச்சு. அதனால, "ஆன்லைன்தான் இருக்கே"ன்னு சொல்லி, வீட்டுக்கு வர்ற ஆசிரியரையும் பயிற்சியையும் யாரும் குறைச்சுடக் கூடாது. கை கொடுக்க ஆள் வேணும். போன் அந்த ஆளுக்கு ஒத்தாசை, அவ்வளவுதான்.

இதெல்லாம் தயவு பண்ணிக் கொடுக்கிறது இல்லை, சட்டம் இருக்கு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19-லிருந்து நடைமுறையில் இருக்கு. 1995-ல் இருந்த பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுதான் சொல்லியிருந்தது, இதில் 21 வகை. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயசிலிருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு 18 வயசு வரைக்கும் புத்தகம், படிப்புப் பொருள், உதவி உபகரணம் எல்லாம் இலவசமாக் கொடுக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு எதில் வர்ற செய்தியும் பாடமும் மாற்றுத்திறனாளிகளுக்குப் புரியற வடிவத்தில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லுது. சைகை மொழி, கீழே ஓடற எழுத்து, குரல் விளக்கம் எல்லாம் அதில் வருது.

இன்னொண்ணு. வங்கியில் கேஒய்சி என்று போனைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்றாங்களே, நமக்கெல்லாம் பழக்கம். ஆசிட் வீச்சில் முகம் வெந்து கண் சிமிட்ட முடியாத பெண்கள் என்ன செய்வாங்க? பார்வை இல்லாதவங்க எந்த இடத்தில் முகத்தைக் காட்டுவாங்க? அவங்க வழக்குப் போட்டாங்க. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவை எல்லாருக்கும் எட்டறது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்ற வாழ்வுரிமையில் அடங்கும்னு சொல்லிடுச்சு. வங்கிக்குச் சொன்ன அந்த நியாயம் என் பிள்ளையோட பாடத்துக்கும் நியாயம்தானே?

கொரோனா போயிடுச்சு, இனிமே எதுக்கு இந்தப் பேச்சுன்னு யாராவது நினைக்கலாம். போனவாரம் மழைக்கு லீவு விட்டாங்க, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. பரீட்சை அட்டவணை வாட்ஸ்அப்பில் வருது. கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன்தான். நம்ம காரிமங்கலத்திலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கு. நம்ம பிள்ளைகள் அங்க போகணும்னா முதல் படியே போனிலும் கம்ப்யூட்டரிலும்தான் இருக்கு. அந்தப் படியில் இவங்களால ஏற முடியலைன்னா அதுக்கு மேல இருக்கிற எதுவும் இவங்களுக்கு இல்லை.

நாம என்ன செய்யணும்? நான் அஞ்சு விஷயம் எழுதிக்கிட்டு வந்திருக்கேன்.

முதலாவது, கணக்கெடுக்கணும். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்திலேயே, நம்ம உறுப்பினர் வீடுகளில் எத்தனை மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க, யாருக்கு என்ன வடிவத்தில் பாடம் வேணும்னு எழுதணும். அடையாள அட்டை இல்லாத பிள்ளை இருந்தா முதலில் அதுக்கு அலையணும். எதைக் கேட்கப் போனாலும் அந்த அட்டையைத்தான் கேட்கறாங்க.

ரெண்டாவது, கடன். மாற்றுத்திறனாளிப் பிள்ளையோட படிப்புக்குப் போன், இயர்போன், போன் ஸ்டாண்டு வாங்க உள்கடன் கொடுக்கலாம்னு வெளிப்படையாத் தீர்மானம் போடணும். வட்டியைக் கொஞ்சம் குறைச்சா இன்னும் நல்லது. பதிவேட்டில் 'படிப்புக்கு' என்றே எழுதணும்.

மூணாவது, பள்ளியில் கேட்கணும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம பெண்கள்தான் அதிகம் இருக்கோம். மாற்றுத்திறனாளிப் பிள்ளையோட அம்மாவும் அதில் இருக்கணும். அங்க சண்டை போட வேண்டாம், நாலு விஷயம் கேட்டாப் போதும். போட்டோவோட ஒரு வாய்ஸும் அனுப்புங்க. வாய்ஸ் அனுப்பினா அதையே டைப் பண்ணியும் அனுப்புங்க. வீடியோவில் முகத்தில் வெளிச்சம் விழற மாதிரி நில்லுங்க. 'இது', 'அது'ன்னு சொல்லாம பேரைச் சொல்லுங்க. இதுக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. போட்டோ அனுப்பித்தான் ஆகணும்னா வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்'டா அனுப்பச் சொல்லுங்க. சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கி, பெரிசாக்கினா கலங்கிடும். கொஞ்சம் பார்வை இருக்கிற பிள்ளை பெரிசாக்கித்தானே படிக்கும்? பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சைக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் இதுக்கெல்லாம் முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். கடைசி நேரத்தில் ஓடக் கூடாது. சந்தேகம் இருந்தா பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணுக்குப் போன் பண்ணலாம்.

நாலாவது, நாம கத்துக்கணும். தையல், காளான், சோப்புப் பவுடருக்கெல்லாம் பயிற்சி வைக்கிறோம். ஒரு நாள் டாக்பேக்குக்கும், ஒரு நாள் சைகை மொழிக்கும் பயிற்சி வைக்கணும். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கூப்பிட்டா வருவாங்க. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்போ தெருவுக்குத் தெரு தன்னார்வலரா நின்னது நம்ம வீட்டுப் பெண்கள்தான். எங்க தெருத் தன்னார்வலரும் எங்க குழுப் பெண்தான். முதலில் படம் போட்ட அட்டையை என் பொண்ணுகிட்டயும் நீட்டினாங்க. ஒரு வாரத்தில் புளியங்கொட்டைக்கு மாறிட்டாங்க. அப்புறம் எல்லாப் பிள்ளைங்களுமே அட்டையை விட்டுட்டுக் கொட்டையைக் கேட்டாங்க.

அஞ்சாவது, அம்மாக்களுக்கு. பிள்ளைக்குப் பதிலா நாம எழுதி அனுப்ப வேண்டாம். நான் செய்துட்டுத்தான் சொல்றேன். பாடம் எட்டலைன்னா, எட்டலைன்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க. நாம மூடி மறைச்சா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

சகோதரிகளே, தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதன்முதலா ஆரம்பிச்சது 1989-ல், நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போ வங்கி வாசப்படி ஏறவே நம்ம அம்மாக்கள் பயந்தாங்க. கையெழுத்துப் போடத் தெரியாது. "இவங்களுக்கு எதுக்குக் கடன், எப்படிக் கட்டுவாங்க"ன்னு கேட்டவங்க இருந்தாங்க. வாய்ப்புக் கொடுத்தாங்க, கட்டிக் காட்டினோம். "உனக்கு எதுக்கு"ன்னு கேட்கிறது எப்படி வலிக்கும்னு நமக்குத் தெரியும். அந்தக் கேள்வியை நாமளே நம்ம பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கக் கூடாது.

என் பொண்ணு இப்ப பத்தாவது. நான் நின்னுபோன வகுப்பு. போன வாரம் சமூக அறிவியல் பாடத்தைப் போன் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கிட்டிருந்தா. நான் பக்கத்தில் உட்கார்ந்து புளி உடைச்சுக்கிட்டிருந்தேன். "அம்மா, உனக்கு இது ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டா. "மறந்துபோச்சு கண்ணு"ன்னேன். "அப்ப நீயும் கேளு"ன்னு சொல்லி, காதில் இருந்த இயர்போனைக் கழட்டிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமா வெச்சா.

எங்க குழுவின் ஊக்குநர் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவேட்டில் அந்த 'ஆடு வாங்க' என்கிறதை அடிச்சுட்டு, பக்கத்தில் 'மகள் படிப்புக்கு' என்று எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.